குறைகள் முன்பக்கம், நிறைகள் பின்பக்கம்

எங்கள் தெருவில் எனக்குச் சாது என்று பெயர். ஆனால் ஐந்து வருஷத்துக்கு முன்னால், பதினெட்டே நாளில், ஒரு பட்டாளத்தையே சுட்டுக் கொன்றிருக்கிறேன். எல்லாம் மைசூரிலிருந்து நஞ்சன்கூடு போகும் கம்பெனி பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தபடி நடந்தது. எத்தனை பேர் என்று சரியாகச் சொல்ல முடியாது. எல்லோருக்கும் ஒரே முகம், ஒரே மீசை. ஒருவனையே திரும்பத் திரும்பக் கொன்றேனோ என்று இன்றைக்கும் ஒரு சந்தேகம் உண்டு.

என் மகளுடைய கல்யாணத்துக்காகத்தான் செய்தேன். (இப்படிச் சொன்னால் இன்னும் மோசமாகக் கேட்கிறது. விளக்கிவிடுகிறேன்.)

எனக்குப் பேச வராது. நாக்கில் கோளாறு எதுவும் இல்லை. தமிழும் கன்னடமும் நன்றாகத் தெரியும், இரண்டிலுமே பேசாமல் இருப்பேன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை முடித்துக்கொண்டு, நஞ்சன்கூடு பக்கம் ஒரு கார்மெண்ட்ஸ் பேக்டரியில் செக்கராகச் சேர்ந்தேன். தைத்து வரும் சட்டையை மேஜையில் விரித்து, தையல் விட்ட இடம், நூல் தொங்கும் இடம், கோணலான பாக்கெட் எல்லாவற்றையும் பார்த்து, சிவப்பு அம்பு போட்ட ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். பிறகு தாளில் எழுத வேண்டும். சட்டையோடு பேச வேண்டியதில்லை. அதனால்தான் இத்தனை வருஷமாக அந்த வேலையில் நிலைத்திருக்கிறேன்.

என் மகள் ரம்யாவைப் பார்க்க முதன்முதலில் ஒரு குடும்பம் வந்தபோது, நான் "வாங்க" என்றேன். அவர்கள் கிளம்பும்போது "சரி" என்றேன். நடுவில் இருந்த ஒரு மணி நேரமும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் அப்பாவுக்குக் கர்வம் அதிகம், நமக்கு ஒத்துவராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என் மனைவி மல்லிகா கோபத்தில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. (எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. அதையும் நான் சொல்லவில்லை.)

அடுத்த வரன் மல்லிகாவின் தங்கை மூலம் வந்தது. பையன் பெயர் பிரதீப். பெற்றோர் கொள்ளேகாலில் உரக்கடை வைத்திருந்தார்கள். பையனுக்கு மைசூரிலேயே வேலை. செல்போனில் ஆடுகிற துப்பாக்கி விளையாட்டு ஒன்றை ஒரு கம்பெனி தயாரித்திருந்தது, அதைச் செய்தவர்களில் இவனும் ஒருவன். ஜாதகம் பொருந்திய பிறகு ரம்யாவும் அவனும் ஒரு மாதமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசிவிட்டு வரும்போது அவள் முகத்தைப் பார்த்தால், பெண் பார்க்க வருவது வெறும் சடங்குதான் என்று எனக்கே புரிந்தது. அதைக் கெடுக்க ஒரே ஒரு ஆளால்தான் முடியும். அந்த ஆள் யார் என்பது மல்லிகாவுக்கும் தெரிந்திருந்தது.

"இந்தத் தடவை நீங்க பேசணும்," என்றாள்.

"என்னத்தப் பேசறது?"

"எதையாவது. அஞ்சு நிமிஷம், அஷ்டே, அவ்வளவுதான். அதுக்கு மேல நான் பாத்துக்கறேன்."

"அஞ்சு நிமிஷமா?"

"பையன் செய்யற வேலையப் பத்திப் பேசுங்க. அவனுக்கும் உச்சி குளிர்ந்துரும். நான் தொண்டையைச் செருமுனா ஆரம்பிச்சுடுங்க."

அவள் சொன்னதில் எந்தத் தப்பும் இல்லை. தெரியாத வேலையைப் பற்றி எப்படிப் பேசுவது என்று யோசித்து, அந்த விளையாட்டை என் போனில் இறக்கினேன் பாருங்கள், தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

விளையாட்டுக்கு ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றரை நட்சத்திரம் போட்டிருந்தார்கள். கீழே நிறையப் பேர் கன்னாபின்னாவென்று திட்டி எழுதியிருந்தார்கள். படித்துப் பார்த்தால் பாதிப் பேர் முதல் கட்டத்தைக்கூடத் தாண்டியவர்களாகத் தெரியவில்லை. இது என் தொழில் புத்திக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காலரை மட்டும் பார்த்துவிட்டுச் சட்டையை ரிஜெக்ட் பண்ணுவது நியாயமில்லை. மொத்தம் பன்னிரண்டு கட்டங்கள். பன்னிரண்டையும் ஆடிவிட்டுத்தான் பேசுவது என்று முடிவு செய்தேன்.

வாழ்க்கையில் அதுவரை போனில் அலாரம் மட்டுமே வைத்துப் பழகியவன் நான். முதல் மூன்று நாள் என் துப்பாக்கி வானத்தை மட்டுமே சுட்டது. நாலாவது நாள் தற்செயலாக ஒருவன் செத்தான். பக்கத்து சீட்டில் உட்காரும் அயர்னிங் செக்ஷன் கரியப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் ஸார், வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். கன்னடத்தில் "இல்லை" என்றேன். அந்த வருஷம் அவரிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது.

ஆடியதை எல்லாம் எங்கள் பேக்டரி வழக்கப்படி எழுதி வைத்தேன். எங்கள் தாளில் குறைகள் முன்பக்கம் வரும். அதிலும் கிரிட்டிக்கல், மேஜர், மைனர் என்று வரிசை உண்டு. முன்பக்கத்தின் அடியில் "குறிப்பு" என்று ஒரு கோடு இருக்கும். நன்றாக இருப்பவை பின்பக்கம். இதைக் கேட்டால் வெளியாட்கள், இந்த ஆள் குறை மட்டுமே பார்ப்பவன் என்று நினைப்பார்கள். உண்மை வேறு. ஸ்டிக்கர் ஒட்டிய சட்டை என்றால் திருத்திவிடலாம் என்று அர்த்தம். திருத்தவே முடியாத சட்டைக்கு நாங்கள் ஸ்டிக்கரை வீணாக்குவதில்லை. ஒன்றும் சொல்லாமல் ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிடுவோம்.

ஆனால் இது நஞ்சன்கூட்டில் எங்கள் மேஜைக்குத் தெரியும். கொள்ளேகாலுக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். பிரதீப், அவன் அப்பா, அம்மா, மூன்று பேர். கேசரிபாத்தும் காராபாத்தும் பரிமாறினோம். பையன் ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, என்னைப் போலவே தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். எனக்கு அவனை உடனே பிடித்துவிட்டது.

"பையன் செய்யறது என்ன வேலைன்னு நமக்கொண்ணும் புரியறதில்லீங்க," என்றார் அவன் அப்பா. "போன்ல துப்பாக்கி சுடறதுங்களாம்."

"நல்லா ஓடுதுங்களாம்," என்றார் அம்மா. "எங்க வீதில இருக்கறவங்ககிட்டயெல்லாம் சொல்லி வெச்சிருக்கறனுங்க."

பிரதீப் தரையை இன்னும் கவனமாகப் பார்த்தான். ரம்யா காபித் தட்டோடு வந்து நின்றாள். மல்லிகா தொண்டையைச் செருமினாள்.

"நான் ஆடினேன்," என்றேன்.

ஹாலில் எல்லோரும் திரும்பினார்கள். என் குரலை ரொம்ப நாள் கழித்துக் கேட்டதில் நானும் திரும்பியிருப்பேன்.

"முழுசாவா அங்கிள்?" என்றான் பிரதீப்.

"பன்னண்டு கட்டமும்."

அவன் தலை சட்டென்று நிமிர்ந்தது. சந்தோஷம் என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தேன். ரம்யா தட்டோடு ஒரு அடி முன்னால் வந்தாள். அதையும் சந்தோஷம் என்றே எடுத்துக்கொண்டேன்.

"கிரிட்டிக்கல் ஒண்ணு," என்று படித்தேன். "நாலாவது கட்டத்துல ஒரு பாலம் வருது. அதுல ஓடினா, நடுவுல கால் உள்ள போயிடுது. ஆள் விழுந்துகிட்டே இருக்கான். பஸ் கடகொளா ஸ்டாப்பைத் தாண்டறப்ப விழ ஆரம்பிச்சேன், நஞ்சன்கூடு வர்ற வரைக்கும் விழுந்துகிட்டே இருந்தேன்."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அக்கறையாகக் கேட்கிறார்கள் என்று தைரியம் வந்தது.

"மேஜர் நாலு. குறி வெச்ச இடத்துல குண்டு போறதில்ல, ஒரு முழம் இடது பக்கம் போகுது. எதிரிய நடுவுல பாத்துச் சுட்டா, பக்கத்துல இருக்கற தண்ணித் தொட்டிதான் ஓட்டையாகுது. துப்பாக்கிச் சத்தம், எங்க பேக்டரியில பட்டன் அடிக்கிற மிஷின் சத்தம் மாதிரி இருக்கு. எதிரிங்க அத்தனை பேருக்கும் ஒரே மீசை. அதுல ரெண்டு பேர், என்ன ஆனாலும் செவுத்தையே பாத்துகிட்டு நிக்கிறாங்க. பக்கத்துல சுட்டாலும் திரும்பறதில்ல."

(அந்த இரண்டு பேரைச் சுட எனக்கு மனசு வரவில்லை என்பதையும் சொல்லியிருக்கலாம். விசேஷ வீடுகளில் நானும் அப்படித்தான் நிற்பேன்.)

"போதும்," என்றாள் மல்லிகா மெதுவாக. மூன்று நிமிஷம்தான் ஆகியிருந்தது. ஐந்து என்று அவளே சொல்லியிருந்ததால் நான் நிறுத்தவில்லை.

"மைனர் ஒண்ணு. எதிரிப் படை மொத்தமும் பொம்பளைங்க சட்டை போட்டிருக்கு. ஆம்பளைங்க சட்டைக்கு பட்டன் வலது பக்கம் வரணும். இதுல எல்லாத்துக்கும் இடது பக்கம் இருக்கு."

பிரதீப்பின் அப்பா குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார்.

இதோடு நின்றிருந்தால்கூட, ஏதோ கிறுக்கு மாமனார் என்று சமாளித்திருக்கலாம். ஆனால் தாளின் அடியில் "குறிப்பு" இருந்தது. விளையாட்டைத் திறக்கும்போதெல்லாம் ஒரு அறிவிப்பு ஆங்கிலத்தில் வரும். எழுத்துக் கூட்டிப் படித்து அதையும் எழுதியிருந்தேன். எங்கள் பேக்டரியில் ஒரு ஆர்டர் முடிந்தால் அடுத்த ஆர்டர் வரும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

"குறிப்பு. இந்த மாசம் முப்பதாம் தேதியோட இந்த விளையாட்டை மூடறாங்க."

பிரதீப்பின் அப்பா மகன் பக்கம் திரும்பினார்.

"மூடறாங்களா? அப்ப உனக்கு வேலை?"

பிரதீப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அதைத் திரும்பப் போட்டுக்கொண்டு சொன்னான்.

"எங்க டீம் மொத்தத்தையும் அனுப்பறாங்கப்பா. இன்னொரு வேலை கெடச்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

"இத எங்களுக்கு ஆரோ ஒருத்தரு காயிதத்துல எழுதிப் படிச்சுக் காட்டோணுமா?" என்றார் அவன் அம்மா. அந்த யாரோ ஒருத்தர் நான்தான், எதிரில், கையில் காயிதத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

பிரதீப்பின் அப்பா எழுந்தார். "ஊருக்குப் போயி யோசிச்சுச் சொல்லியனுப்பறமுங்க," என்றார். இதற்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்ற எல்லோருக்கும் தெரியும். தாளின் பின்பக்கத்தை நான் திருப்பவே இல்லை. திருப்ப நினைத்தபோது கார் கதவு மூடிக்கொண்டது.

நான் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ரம்யா காபித் தட்டை மேஜையில் வைத்தாள். அப்போதுதான் அவள் சொல்லி எங்களுக்குத் தெரிந்தது, வேலை போகப்போவது அவளுக்கு இரண்டு வாரமாகவே தெரியும். பிரதீப் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

"எத்தனை வருஷம் சும்னே வாயத் தொறக்காம இருந்தீங்கப்பா," என்றாள். "இன்னிக்கும் இருந்திருக்கக் கூடாதா?"

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. நான் ஹாலில் இருக்கும்போதே, "அப்பாவுக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளும்மா," என்பாள். மல்லிகா என்னிடம் கேட்பாள். நான் தலையை ஆட்டுவேன். மல்லிகா அவளிடம் சொல்வாள். மௌனம் என்பது என் சொத்து என்று நினைத்திருந்தேன். அதை எனக்கு எதிராகவே இவ்வளவு நன்றாக உபயோகிக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. பிரதீப்போடும் போன் பேச்சு நின்றுவிட்டது என்பதை அவள் அறைக் கதவைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். முன்பெல்லாம் அது சாத்தியிருக்கும். இப்போது திறந்தே கிடந்தது.

பத்தாம் நாள் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால், ஸ்டாப்பில் பிரதீப் நின்றிருந்தான். அடிக்க வந்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒல்லியான பையன், வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

"அங்கிள், அந்தத் தாள் இருக்கா?"

பக்கத்தில் இருந்த தர்ஷினி ஓட்டலுக்குப் போய், நின்றபடியே ஒரு காபியை இரண்டாக வாங்கிக்கொண்டோம். வியாழக்கிழமை பெங்களூரில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறது என்றான்.

"போன விளையாட்டு ஏன் தோத்துதுன்னு கண்டிப்பா கேப்பாங்க. தெரிஞ்சவங்க எல்லாம் 'நல்ல முயற்சி'ன்னு சொல்லிட்டுப் பேச்சை மாத்திடறாங்க. தெரியாதவங்க அசிங்கமா திட்றாங்க. உக்காந்து வரிசையா சொன்னது நீங்க ஒருத்தர்தான். கடைசி வரைக்கும் ஆடினதும் நீங்க ஒருத்தர்தான். எங்க டீம்லயே ரெண்டு பேர் முடிக்கல."

நான் தாளை எடுத்தேன்.

"பின்னாடியும் ஏதோ எழுதியிருந்தீங்கல்ல? அன்னிக்கு வெளிச்சத்துல தெரிஞ்சுது."

"அது நிறைகள்," என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தான். "படிங்க," என்றான்.

படித்தேன். "ஒண்ணு. கூட வர்ற சிப்பாய், நான் ஒவ்வொரு தடவை விழும்போதும் தோள்ல கை வெச்சு எழுப்பறான். அத்தனை தடவையும் எழுப்பினான், ஒரு தடவைகூட சலிச்சுக்கல."

"அது எங்க டீம்ல இன்னொரு பொண்ணு செஞ்சது."

"ரெண்டு. மூணாவது கட்டத்துல ஒரு டீக்கடை இருக்கு. சண்டைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, ஆனா கெட்டில்ல ஆவி வருது. நான் ரொம்ப நேரம் அங்கயே நின்னேன்."

"அதுவும் அவதான்."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. "நீங்க எதைச் செஞ்சீங்க?"

"பாலம்," என்றான்.

நான் ஒரு வாய் காபி குடித்தேன்.

"பாலம் பாக்க நல்லா இருந்தது," என்றேன். (அது உண்மைதான். விழுவதற்கு முன்னால் நன்றாகவே இருந்தது.)

"சட்டை பட்டனும் நான்தான்."

தாளைப் பார்த்தேன். மிச்சம் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அவசரமாகப் படித்தேன். "மூணு. ஏழாவது கட்டத்துல மழை பெய்யுது. மண்ணுல நடந்தா ஒரு சத்தம், தகரத்து மேல ஏறினா வேற சத்தம். நான் பஸ் ஜன்னலை மூடப் போனேன்."

அவன் அந்த வரியை எட்டிப் பார்த்தான். பிறகு, "மழை நான்," என்றான்.

தாளைக் கேட்டு நீட்டிய கையை நான் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. எங்கள் வழக்கப்படி நகல் இல்லாமல் தாளை வெளியே தர முடியாது. கல்யாணம் நின்றுபோன மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இரண்டு தெரு நடந்து, ஜெராக்ஸ் கடை கண்டுபிடித்து, இரண்டு பக்கமும் நகல் எடுத்து, நகலை அவனிடம் கொடுத்தேன். ஒரிஜினலை நான் வைத்துக்கொண்டேன்.

பெங்களூரில் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அவன் ஜெராக்ஸை எடுத்து மேஜையில் வைத்து, முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் சொல்லி, இதில் பாலமும் பட்டனும் மழையும் என்னுடையவை என்று சொல்லியிருக்கிறான். வேலை கிடைத்தது. கிடைத்த அன்றே கொள்ளேகாலுக்குப் போய், வேலை விஷயத்தில் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். இந்தத் தாளையும் காட்டினான்.

மூன்று வாரம் கழித்து அவன் பெற்றோர் மறுபடியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கேசரிபாத்தை யாரும் தொடவில்லை. அவன் அம்மா நேராக மல்லிகாவைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரரு வாயத் தொறந்தா உள்ளதுதான் வருமுங்களா?"

"தொறக்கறதே அபூர்வம்ங்க," என்றாள் மல்லிகா. "தொறந்தா அதுதான் வரும். நீங்களே பாத்தீங்களே."

"அப்பச் செரி. என்ற பையன் எப்புடின்னு அவரு எழுதிட்டாரு. அவரு புள்ளை எப்புடின்னு அவரே சொல்லட்டும். சொல்லுங்கண்ணா. மொதல்ல குறையச் சொல்லுங்க."

ரம்யா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். இந்தத் தடவை என் கையில் தாள் இல்லை. அவள் பார்வையைத் தவிர்த்து, காலண்டரைப் பார்த்துச் சொன்னேன்.

"காலையில எழுப்ப முடியாது. அது சின்னது. கோவம் வந்தா பேச மாட்டா. ஒன்பது நாள் வரைக்கும் பாத்திருக்கேன்."

"பெரிசு?"

மல்லிகா தொண்டையைச் செருமினாள். இந்தச் செருமலுக்கு நிறுத்து என்று அர்த்தம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"பெரிசு ஒண்ணு இருக்குங்க. மனசுல ஒண்ணை வெச்சுகிட்டு வெளிய காட்டாம இருக்கத் தெரியும். உங்க பையனுக்கு வேலை போறது அவளுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே தெரியும். எங்ககிட்ட சொல்லல."

இப்படியாக, ஒரே கல்யாணத்தை இரண்டாம் தடவையும் நானே கெடுத்தேன். அவர்களுக்குத் தெரியாமல் மிச்சமிருந்த ஒரே விஷயம் அதுதான். மல்லிகா கண்ணை மூடிக்கொண்டாள்.

பிரதீப்பின் அம்மா ரம்யாவைக் கூப்பிட்டார். "ஏஞ்சாமி, சொல்ல வேண்டாம்னு அவன் சொன்னானா?"

ரம்யா தலையாட்டினாள்.

"அவன் சொன்னதுக்காக உங்கப்பன் ஆத்தாகிட்டக்கூடச் சொல்லலயா?"

அதற்கும் தலையாட்டினாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணா, இத எந்தப் பக்கம் எழுதுவீங்க?"

"முன்பக்கம்தாங்க," என்றேன்.

"அதப் பின்பக்கம் மாத்தி எழுதுங்க," என்று சொல்லிவிட்டு, கேசரிபாத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அதில் நான் யாரிடமும் எதுவும் பேசாதபடி எல்லோரும் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள். சமையல்காரர்கள் பக்கம் போகவே விடவில்லை.

போன யுகாதிக்குக் கொள்ளேகால் போயிருந்தோம். சம்பந்தியம்மா என் இலையில் ஒப்பட்டு (போளிதான்) வைத்து, அதன் மேல் நெய்யை விட்டுவிட்டு, எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் ஒரு வாய் சாப்பிட்டேன்.

"நல்லா இருக்குங்க," என்றேன்.

பந்தியில் பேச்சு நின்றுவிட்டது. சம்பந்தியம்மாவின் முகம் வாடிப்போனது. "மூஞ்சிக்காகச் சொல்றாரு," என்றார் மல்லிகாவிடம். "போன வருசமெல்லாம் இப்புடி இல்லீங்க. ஒடம்பு கிடம்பு செரியில்லியா?"

"சொல்லிடுங்க மாமா," என்றான் பிரதீப். "இல்லேன்னா அம்மா இன்னிக்குச் சாப்பிட மாட்டாங்க."

இன்னொரு வாய் எடுத்துப் பொறுமையாக மென்றேன். "பூரணம் ஒரு பக்கமா ஒதுங்கியிருக்குங்க. ஓரத்துல மாவு கொஞ்சம் தடிப்பா இருக்கு."

சம்பந்தியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாவது ஒப்பட்டை என் இலையில் வைத்துவிட்டு, "இப்பத்தான் சம்பந்தி சாப்பிட்ட மாதிரி இருக்குது," என்றார்.